கேடயம் காணாத வீரர்

கல்கத்தா மோகன் பகான் சங்கத்தின் பின்காவலராக விளங்கிய ஸ்ரீ கோஷ்ட பிஹாரி பால், 1913 முதல் 1935 வரை 22 ஆண்டுகள் அச்சங்கத்துக்காகக் கால்பந்தாடினார். அந்த 22 ஆண்டுகளில் மோகன் பகான் ஒருமுறையேனும் கல்கத்தா லீக் பட்டத்தை அடையவில்லை, ஐ.எப்.ஏ. கேடயத்தையும் அடையவில்லை. லீக் பட்டம் முதல்முதலாகக் கிட்டியது 1939-ல். அப்பொழுது அவர் ஆட்டத்தினின்றும் விலகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேடயமோ, அவர் சேர்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு 1911-ல் ஒருமுறை வந்தது. மறுபடி 1947-ல்தான் வந்தது. இரண்டு மழைகளுக்கு இடையே நீண்ட வறட்சிக் காலமே அவருடைய ஆட்டக் காலமாக அமைந்தது. வெற்றிகளை எண்ணி வீரரை மதிப்பிடும் வழக்கப்படி பார்த்தால், அவர் பெயர் இன்று எவருக்கும் நினைவிருக்க நியாயமில்லை. ஆயினும் 1962-ல் இந்திய சர்க்கார் கால்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு முதல்முதலாகப் பத்மஸ்ரீ விருது வழங்கியபோது, அதைப் பெற்றவர் கோல் போட்டுப் புகழ் கொண்டவர் அல்லர், கேடயம் ஏந்தியவரும் அல்லர், கோஷ்ட பாபுவே. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

புதுச்சேரிப் பக்கத்துப் பத்திரிகை ஒன்று வங்காளத்து ஆட்டக்காரரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். வங்காளம் நமக்கு அந்நிய தேசமன்று. ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சந்திரநாகர், 1950 வரையில் நம் புதுச்சேரியோடு ஒரே பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இருந்த ஊர். ஸ்ரீ அரவிந்தர் கல்கத்தாவை விட்டு அந்தச் சந்திரநாகர் வழியாகவே 1910 ஏப்ரலில் புதுவை வந்து சேர்ந்தார். அவர் வந்த மறு வருஷமே கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வென்றது. மேலும், நம் மூலக்குளத்திலும் வில்லியனூரிலும் பாகூரிலும் அறுவடை முடிந்த கழனிகளில் மாலை வேளைகளில் பந்து உதைக்கும் இளைஞர்களைக் கேட்டால், ஐரோப்பாவின் ஆட்டக்காரர் பெயர்களைத் தங்குதடையின்றி ஒப்பிக்கிறார்கள். கோஷ்ட பால் யார் என்று கேட்டாலோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவர்கள் மீது நாம் குற்றம் காணவில்லை. சொல்லித்தராதவர்கள் மீதே குற்றம். பத்திரிகைக்காரர்களாகிய நாமும் அவர்களுள் சேர்ந்தவர்களே.

கோஷ்ட பால் 1896-ஆம் வருஷம் ஆகஸ்டு 20-ஆம் தேதி கிழக்கு வங்காளத்தில் பரீத்பூர் ஜில்லாவைச் சேர்ந்த போஜேசுவர் என்னும் கிராமத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தின் ஷரியத்பூர் ஜில்லாவில் இருக்கிறது. இளமையிலேயே கல்கத்தா வந்து சேர்ந்தார். குயவர்கள் துர்க்கா தேவியின் மண் உருவங்களைச் சமைக்கும் குமார்துலி என்ற பேட்டையில், அதன் பெயர் கொண்ட சங்கத்தில் சிறுவயதிலேயே பந்தாடத் தொடங்கினார். அவருக்குப் பதினைந்து வயது நிரம்பச் சில நாட்களே இருந்தபோது, 1911 ஜூலை 29-ஆம் தேதி, ஈஸ்ட் யார்க்ஷையர் பட்டாளத்தை மோகன் பகான் 2-1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஆட்டமே கண்ணில் படவில்லை. காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்று அந்நாளைய வரலாறு கூறுகிறது. வங்கப் பிரிவினையின் புண் ஆறாதிருந்த காலம் அது. வெள்ளைக்காரனைத் தொட்டு வீழ்த்தலாம் என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை ஒன்று அன்று கல்கத்தாவில் தோன்றியது. கோஷ்ட பால் அத்தலைமுறையின் பிள்ளை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரே மோகன் பகானின் பச்சை, அரக்கு நிறச் சட்டையை அணிந்துகொண்டார்.

ஆட்டத்தின் நுட்பம் அறியாத நேயர்களுக்காக, அவர் நின்ற இடம் எத்தகையது என்பதைச் சொல்லியாக வேண்டும். அக்காலத்து வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் கோல் காப்பவர் ஒருவர், அவருக்கு முன்னே புல்பாக் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பின்காவலர் இருவர், நடுவரிசையில் மூவர், முன்வரிசையில் ஐவர். எதிரியின் ஐவரும் சேர்ந்து பாய்ந்து வரும்போது எதிர்த்து நிற்க வேண்டியவர்கள் அவ்விருவரே. முன்வரிசைக்காரன் பத்து முறை தவறி ஒருமுறை கோல் போட்டால் அவனைத் தோளில் தூக்குகிறார்கள். பின்காவலன் பத்து முறை காத்து ஒருமுறை தவறினால், அந்த ஒரு தவறே மறுநாள் பத்திரிகையில் அச்சேறுகிறது. நியாயஸ்தலத்தில் பிரதிவாதிக்காக வாதாடும் வக்கீலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கட்சிக்காரன் தப்பித்துக்கொண்டான் என்பதை வெற்றி என்று எவரும் கொண்டாடுவதில்லை; குற்றமே செய்யாதவன் தப்பியது என்ன அதிசயம் என்று போய்விடுவார்கள். இத்தொழிலில் இருபது வருஷங்கள் பழகிய நமக்குக் கோஷ்ட பாபுவின் மீது தனிப்பட்டதோர் அபிமானம் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

இனி, எதிரே வந்தவர்கள் யார் என்று பாருங்கள். கல்கத்தா லீக்கில் முதற்பிரிவில் ஆடியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பட்டாளத்துச் சிப்பாய்களும், கல்கத்தா, டல்ஹௌஸி முதலிய ஐரோப்பியர் சங்கங்களும். அவர்கள் ஆணியும் தோல் பட்டையும் அடித்த கனத்த பூட்ஸ் அணிந்திருந்தார்கள். நம்மவரோ வெறுங்காலர். 1911 வெற்றியிலும் பதினொருவருள் பூட்ஸ் அணிந்தவர், பின்காவலர்களுள் ஒருவராகிய ரெவரெண்டு சுதீர் சாட்டர்ஜி ஒருவர்தான். முன்வரிசையில் வெறுங்காலுடன் ஓடுவது ஒருவிதத்தில் சௌகரியம்; பந்து காலோடு ஒட்டி வரும், வளைந்து நெளிந்து செல்லலாம். பின்காவலனுக்கு அச்சௌகரியம் கிடையாது. பூட்ஸ் அணிந்த கால் பந்தை உதைக்க வீசும் அதே கணத்தில் அவன் தன் வெறுங்காலை அதன் எதிரே நீட்ட வேண்டும். கணுக்காலைச் சுற்றிய துணிக்கட்டு ஒன்றே கவசம். அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. மழை நீரை உறிஞ்சிக் கல்லைப் போல் கனக்கும். கல்கத்தா லீக் நடைபெறுவதோ மழைக் காலத்தில். இத்தனைக்கும் நடுவே கோஷ்ட பால் நீண்ட உதைகளுக்கும், அஞ்சாமல் எதிரியின் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிப்பதற்கும் பெயர் பெற்றார். திடமான சரீரம், அதைவிடத் திடமான சித்தம். சீனப் பெருமதில் என்ற பட்டப்பெயர் அவருக்கு வாய்த்தது. அதைச் சூட்டியது நம்மவர் பத்திரிகை அன்று, கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகையே என்பதுதான் கவனிக்கத் தக்கது. எதிரியின் கையெழுத்தோடு வந்த நற்சாட்சிப் பத்திரத்தை ஆட்சேபிக்க யாரால் ஆகும்?

மைதானத்துக்கு வெளியேயும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 1893-ல் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியக் கால்பந்தாட்டச் சங்கம் என்ற ஐ.எப்.ஏ.யின் பெயரில்தான் இந்தியா இருந்தது; நெடுங்காலம் அதிகாரம் ஐரோப்பியர் கையில் இருந்தது. மோகன் பகானுக்கு லீக்கின் முதற்பிரிவில் இடம் கிடைத்தது 1915-ல். கேடயம் வென்று நான்கு ஆண்டுகள் கழித்து! முதற்பிரிவில் இந்தியர் சங்கங்கள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்றொரு விதி வெகுகாலம் அமுலில் இருந்தது. 1920-ல் தோன்றிய கிழக்கு வங்காள சங்கம், வாதாடிப் போராடி 1925-ல் முதற்பிரிவில் நுழைந்தபோதுதான் அவ்விதி உடைந்தது. விளையாட்டில் திறமை ஒன்றே அளவுகோல் என்று உபதேசம் செய்த துரைமார்கள், வாயிற்படியில் எண்ணிக்கை பார்த்து ஆட்களை விட்டார்கள். இதை அநியாயம் என்று சொல்லச் சட்டப் புத்தகம் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

1921 முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் மோகன் பகானின் தலைமைப் பொறுப்பு கோஷ்ட பாபுவிடம் இருந்தது. அவருடைய ஆட்டத்தின் உச்சகாலமும் அதுவே. அவருடைய ஏமாற்றங்களின் உச்சகாலமும் அதுவே. லீக்கில் இரண்டாவது இடத்துக்கு வந்து, முதலிடம் கைக்கெட்டாமல் போவது அச்சங்கத்துக்குப் பழக்கமாகிவிட்டது. 1923-ல் பம்பாய் சென்று ரோவர்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை முன்னேறினார்கள். டர்ஹாம் பட்டாளத்திடம் தோற்றார்கள். அதே வருஷம் ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தையும் எட்டினார்கள். எதிரே கல்கத்தா சங்கம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கேடயம் மறுபடி வரப்போகிறது என்று நகரமே எதிர்பார்த்தது. அன்று மழை. மைதானம் சேறாயிற்று. வெறுங்கால் வழுக்கியது, பூட்ஸ் ஊன்றி நின்றது. 3-0 என்ற கணக்கில் மோகன் பகான் தோற்றது. மதில் எத்துணை உறுதியாயினும் அடித்தளம் சேறானால் என் செய்வது?

1925-ல் சிம்லாவில் நடைபெற்ற டூராண்டு கோப்பை ஆட்டங்களுக்கு மோகன் பகான் அழைக்கப்பட்டது. 1888-ல் தொடங்கிப் பட்டாளத்தார் தங்களுக்குள்ளேயே ஆடிவந்த போட்டி அது. அங்கே அழைப்புப் பெற்ற முதல் இந்திய சங்கம் மோகன் பகானே. அழைத்துச் சென்ற தலைவர் கோஷ்ட பால். அரையிறுதி வரை சென்றார்கள். ராஜப்பிரதிநிதியின் கோடைக்கால வாசஸ்தலத்தில், அதிகாரிகளும் அவர்தம் மனைவிமாரும் பார்த்திருக்க, வெறுங்கால் வங்காளிகள் பட்டாளங்களோடு சரிநிகர் நின்றார்கள் என்ற செய்தி, கோப்பை கிடைத்த செய்தியைக் காட்டிலும் குறைந்ததன்று என்பது நம் அபிப்பிராயம்.

அதே 1925-ல் உலகமெங்கும் பின்காவலர்களின் தொழிலையே புரட்டிப்போட்ட மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. இதை நம் தேசத்தில் எழுதுவோர் அதிகம் கவனித்ததில்லை. அதுவரை, பந்து முன்னோக்கி உதைக்கப்படும்போது தாக்குகிறவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிர்ப்பக்கத்தார் மூவர் இருக்க வேண்டும். இல்லையேல் அவன் ஆட்டத்துக்குப் புறம்பானவன். ஆதலால் பின்காவலர் இருவருள் ஒருவர் சாமர்த்தியமாக முன்னேறி நின்றாலே எதிரியின் முன்வரிசை செயலற்றுப்போகும். 1925-ல் மூவர் என்பதை இருவர் என்று குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவு லீக்கில் முந்தைய பருவம் முழுவதும் 1,192 கோல்கள்; விதி மாறிய பருவத்தில் 1,703. ஒரே சட்டத்திருத்தத்தால் பின்காவலனின் பாரம் இத்துணை ஏறியது. அச்சமயம் கோஷ்ட பாபுவுக்கு வயது இருபத்தொன்பது. கற்ற வித்தையை மறந்து புதிதாய்க் கற்கும் வயதன்று அது. கற்றார், அதன் பிறகும் பத்து ஆண்டுகள் நின்றார். அவருடைய கீர்த்திக்கு இதைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரியவில்லை.

அவரைப் பற்றிக் கல்கத்தாவில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. கோஷ்ட பாபு கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடுவார். ஐரோப்பியர் சங்கத்தோடு நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் அவர் வேஷ்டி கட்டிக்கொண்டு பந்து வீசினார். அவ்வுடையை எதிர்த்தலைவர் ஆட்சேபித்தார். உடையை மாற்றமாட்டோம் என்று மோகன் பகான் ஆட்டத்தையே கைவிட்டது என்பது ஒரு கதை. மற்றது அவருடைய கடைசிப் பருவத்தைப் பற்றியது. 1935-ல் கல்கத்தா சங்கத்தோடு ஆடுகையில் வெள்ளைக்கார மத்தியஸ்தர் அடுத்தடுத்து ஒருபக்கமாகத் தீர்ப்புச் செய்யவே, கோஷ்ட பாபு வாயால் ஒன்றும் சொல்லாமல் மைதானத்தில் படுத்துவிட்டார், உடனாடியவர்களும் படுத்துவிட்டார்கள், அதன்பின் அவர் ஆடவில்லை என்பது. வாய்வழிக் கதைகளுக்குக் காலும் கையும் முளைப்பது இயல்பு. வக்கீலாகிய நாம் அவற்றைச் சத்தியப் பிரமாணத்தின் மீது சமர்ப்பிக்கத் துணியோம். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1930-ல், சட்டமறுப்பு இயக்கத்தின் வேகத்தில் கல்கத்தா லீக் ஆட்டங்களே முடிவுபெறாமல் நின்றுபோயின. சத்தியாக்கிரகிகள் வீதியில் அமர்ந்த தேசத்தில், ஆட்டக்காரர் மைதானத்தில் படுத்தார் என்பதை நம்புவதற்கு நமக்கு அதிக சிரமமில்லை.

இங்கே நேயர்களிற் சிலருக்கு ருசிக்காத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். வெறுங்கால் வீரம் என்பதை நம்மவர் பெருமையாகப் பேசிப் பேசி, அதையே ஒரு கொள்கையாக்கிவிட்டார்கள். அது கொள்கையன்று, ஆரம்பத்தில் வசதிக் குறைவு, பின்னர் பழக்கம், கடைசியில் பிடிவாதம். வறண்ட நிலத்தில் அது பலித்தது, சேற்றில் பலிக்கவில்லை. 1930-களில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தார் இதை உணர்ந்து, மழை நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகினார்கள். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக் பட்டம் அவர்களுடையதாயிற்று. லீக் பட்டம் பெற்ற முதல் இந்திய சங்கம் அதுவே. 1934 கோஷ்ட பாபுவின் கடைசிக்கு முந்திய பருவம். இருபது ஆண்டுகளாகத் தாம் தேடியதை வேறொரு இந்திய சங்கம் தம் கண்முன்னே அடைந்ததை அவர் பார்த்தார். மோகன் பகான் சில வருஷங்களுக்கு முன்பே காலைச் சேற்றுக்கேற்பப் பழக்கியிருந்தால் 1923-ன் முடிவு வேறாகியிருக்கக் கூடும் என்பதே நம் கருத்து. தியாகம் வேறு, பிடிவாதம் வேறு. இரண்டும் ஒரே காலில் இருந்தன என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போற்ற வேண்டியதில்லை. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்ஸ் தேசத்தாரிடம் 2-1 என்ற கணக்கில் தோற்றார்கள்; நம் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். உலகம் வியந்து கைதட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

வேதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆட்டமே ஜீவனோபாயமாகி வெகுகாலமாகிறது; இங்கிலாந்துச் சங்கம் 1885-லேயே கூலி பெற்று ஆடுவதை அங்கீகரித்துவிட்டது. நம் தேசத்தில் கூலிக்கு ஆடுவது இழிவு என்ற கொள்கையையும் அந்த இங்கிலாந்துக்காரரே நமக்குப் போதித்தார்கள்! சம்பளம் பெறும் சிப்பாய் வேலை நேரத்தில் பயிற்சி செய்துவிட்டு மாலையில் வந்து ஆடினான்; எதிரே நின்ற வங்காளி இளைஞன் பிழைப்பையும் ஆட்டத்தையும் ஒருங்கே சுமந்தான். தொழில்முறை ஆட்டத்தை முன்னிட்டுத் தேசிய லீக் நம் நாட்டில் தொடங்கியது 1996-ல். கோஷ்ட பாபு பிறந்து சரியாக நூறு ஆண்டுகள்.

1933-ல் இந்தியக் குழு ஒன்று இலங்கைக்குச் சென்றது. அதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கோஷ்ட பால். இலங்கைக் குழுவை 1-0 என்ற கணக்கில் வென்றார்கள். கேடயமில்லை, கோப்பையில்லை, எதிரி ஒரு கோலும் போடவில்லை. பின்காவலன் ஒருவன் விரும்பக்கூடிய கணக்கு இதைத் தவிர வேறென்ன?

ஓய்வுக்குப் பின் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1939-ன் லீக் பட்டத்தையும், சுதந்திரம் வந்த 1947-ல் மோகன் பகான் பெற்ற இரண்டாவது கேடயத்தையும் அவர் வாழ்நாள் கண்டது. அதே 1947, அவர் பிறந்த போஜேசுவரை அந்நிய தேசமாக்கியது. 1962-ல் பத்மஸ்ரீ. 1976 ஏப்ரலில், 79-ஆம் வயதில், கல்கத்தாவில் காலமானார். 1984-ல் ஈடன் தோட்டத்தின் அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள்; 1998-ல் இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது. மைதானத்தை ஒட்டிய சாலை ஒன்றுக்கு இன்று அவர் பெயர்தான். மோகன் பகான் ஆடும் நாட்களில் பச்சை, அரக்கு நிறக் கொடிகளோடு கூட்டம் அச்சாலை வழியே செல்கிறது.